மின்னிசையில் ஒரு வழுவமைதி

இலக்கண நூலார் சொல்வழக்கினை வழாநிலை, வழு, வழுவமைதி என மூவகைப்படுத்துவர். நெறி பிறழாது நிற்பது வழாநிலை. பிறழ்ந்து நிற்பது வழு. பிறழ்ந்ததேனும் யாதானும் ஒரு காரணம்பற்றிச் சான்றோரால் தழுவிக்கொள்ளப்படுவது வழுவமைதி. ஒருவன் தன் ஆவினை ‘அம்மை’ என உவந்தழைப்பின் அது திணைவழுவன்றோ எனின், உவப்பென்னும் காரணம் உண்மையின் அஃது அமைக்கப்படும். இம்முறை சொல்லுலகிற்கேயன்றி ஓசையுலகிற்கும் ஒக்கும் என்பது எம் கருத்து. திரைப்படங்களின் பின்னணியில் ஒலித்த மின்னிசைக் கருவிகளின் வரலாற்றைக் கொண்டு அதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சியில் யாம் தலைப்பட்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. எம் தாய்மாமன் சென்னையில் திரைப்பட இசைக்குழுக்களில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் வயலின் வாசித்தவர். இளமையில் தம் ஊர்க் கோயிலில் பாடற்குழுவினரோடு அமர்ந்து வில் பிடிக்கக் கற்று, அவ்வில்லொன்றையே முதலாகக் கொண்டு நகரம் புகுந்து, குடும்பத்தைக் காத்தவர். முப்பது வயலின்கள் ஒருங்கு முழங்கிய கூடங்களில், 1990-ஆம் ஆண்டிற்குப் பின்னர், ஒருவரே ஒரு விசைப்பலகையின் முன்னமர்ந்து அம்முழக்கம் அனைத்தையும் எழுப்பலாயினர். மாமாவை வேலைக்கழைக்கும் தொலைபேசி மெல்ல மெல்ல ஓய்ந்தது. அவர் எவரையும் வைதாரில்லை. பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்துக் காலங்கழித்து வருகின்றார். ஆயினும் அக்கருவியின் பேச்செழுந்தால், ‘உயிரில்லாத ஓசை, தம்பி’ என்றொரு சொற் சொல்லி அமைவர்.

அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது. யாமோ அக்கருவியின் ஓசையில் உளம் பறிகொடுத்தவர். விடுமுறைதோறும் மாமாவின் இல்லத்துச் சோறுண்டு வளர்ந்தவரும் ஆவோம். இரண்டன்பும் ஓருள்ளத்தில் ஒருங்கிருத்தல் எளிதன்று. அன்றியும், உயிரென்னுஞ் சொல்லைத் தமிழ் பயில்வார் எளிதில் விட்டுவிடுதல் இயலாது. தானே இயங்கவல்ல எழுத்தினை உயிரென்றும், அதனாலன்றி இயங்காததனை மெய்யென்றும் வகுத்த மொழி நம் மொழி. ஆகலின், அக்கருவியின் ஓசைக்கு உயிருண்டோ இன்றோ என்பதனை ஆராய்ந்து தெளிய விழைந்தோம்.

முதற்கண் கருவியின் அமைப்பினைக் காண்போம். சிந்தசைசர் என வழங்கும் அஃது ஓசையை மின்சுற்றுக்களால் தொகுத்தாக்குவது. அதன் தலையாய உறுப்புக்கள் மூன்று. முதலாவது ஆசிலேட்டர், நரம்பும் துளையுமின்றி, மின்னழுத்தத்தையே வினாடிதோறும் பலநூறு முறை ஏற்றியிறக்கி அலையெழுப்புவது. வாளரத்தின் பற்போன்ற வடிவில் அலை எழுமாயின், அடிச்சுரத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்காகிய மேற்சுரங்கள் யாவும் அதனுள் அடங்கும். சதுர வடிவாயின் ஒற்றைப்பட்ட மடங்குகளே அடங்கும். இரண்டாவது ஃபில்டர் என்னும் வடிகட்டி. எழுந்த ஒலியினின்று வேண்டாத மேற்சுரங்களைக் குறைத்து ஒலியின் நிறத்தை வேறுபடுத்துவது. மூன்றாவது, ஒலி எழுதலும் தணிதலும் நிற்றலும் மறைதலும் இன்னவாறென வரையறுப்பது. சுண்டிய நரம்புபோல் விரைந்தெழுந்து தேய்தலும், வில்லால் இழுத்தாற்போல் மெல்லப் பெருகுதலும் இதன் செயலாம்.

இவ்வமைப்பு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் பிறப்பியலுள் எழுத்தொலி தோன்றுமாறு கூறுங்கால், உந்தியிடத்தெழுந்த வளி தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்து நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் புலப்படும் என்பர். எழும் வளி ஒன்று. அதனை வேறுபடுத்தும் உறுப்புக்கள் பல. ஆசிலேட்டர் எழுப்ப வடிகட்டி வேறுபடுத்தும் முறையும் இதனோடு ஒத்ததே. எனவே இக்கருவி, வயலினையோ குழலையோ பார்த்துப் படைக்கப்பட்டதாகத் தோன்றினும், உள்ளமைப்பால் மக்களின் மிடற்றோடு உறவுடையது எனலாம்.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ராபர்ட் மோக் என்பார், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையாசிரியரோடு கூடி, மின்னழுத்தத்தாலேயே இவ்வுறுப்புக்களை ஆளும் முறையமைந்த கருவியை ஆக்கினர். 1 வோல்ட் கூடின் சுரம் ஒரு ஸ்தாயி உயரும் என்பது அவர் கொண்ட அளவு. அவர்தம் வடிகட்டியில் டிரான்சிஸ்டர்கள் இரண்டிரண்டாக ஏணிப்படிபோல் அடுக்கப்பட்டிருக்கும்; படிதோறும் ஒரு கண்டென்சர் இடப்பட்டிருக்கும். நான்கு படிகளுங் கூடி ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் வீதம் மேற்சுரங்களைக் குறைக்கும். இவ்வேணி வடிகட்டிக்கு 1969-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றனர். மிகுந்த ஒலியை உட்செலுத்துங்கால் அந்த டிரான்சிஸ்டர்கள் அதனை உள்ளவாறே வெளிவிடாது, முனைகளைச் சிறிதே மழுக்கிப் புதிய மேற்சுரங்களைச் சேர்த்துவிடும். கணக்கின்படி இது குறை. செவிக்கோ இதுவே கனிவு.

இதனினும் பெரியதொரு குறையுண்டு. டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் வெப்பநிலைக்கேற்ப மாறும் இயல்பினது. அறை சூடேறினாலும் கருவி சூடேறினாலும் சுரம் தன் நிலையினின்று சிறிதே வழுவும். பொறியியலார் இதனைத் தடுக்கப் பெரிதும் முயன்றும் முற்றும் வென்றாரல்லர். ஆகவே ஒரே சுரத்தில் நிறுத்திய இரண்டு ஆசிலேட்டர்கள் ஒருபோதும் முழுதும் ஒன்றாகா. ஒன்று வினாடிக்கு 220 அதிர்வும் மற்றொன்று 221 அதிர்வும் உடையவாயின், இரண்டும் கூடிய ஒலி வினாடிக்கொருமுறை பெருகிச் சுருங்கும். மூச்சு வாங்குவது போன்ற அவ்வசைவே அக்கருவியின் ஒலியைத் தடித்ததாகவும் தண்ணியதாகவும் ஆக்குவது. இனி, முப்பது வயலின்கள் ஒரு சுரத்தை இசைக்கும்போது ஒரு வயலினினும் முப்பது மடங்கு உரத்ததாக மட்டுமா கேட்கின்றது? அன்று, வேறோர் ஒலியாகவே கேட்கின்றது. முப்பது கைகளும் மயிரிழையளவு வேறுபடுதலே அதற்குக் காரணம். எம் மாமா பகைத்த கருவியும், அவர் வீற்றிருந்த வயலின் வரிசையும் ஒரே வழுவினால் அழகு பெற்றவை என்பது எமக்கு வியப்பைத் தந்தது.

இனித் திரைப்படங்களை நோக்குவோம். மோக் என்பாரின் கருவி தோன்றுமுன்னரே, 1956-ஆம் ஆண்டில் ‘ஃபர்பிடன் பிளானட்’ என்னும் அமெரிக்கப் படம் வெளிவந்தது. லூயிஸ் பாரன், பெபெ பாரன் என்னுங் கணவன் மனைவியர் அதன் இசையை முழுவதும் மின்சுற்றுக்களாலேயே அமைத்தனர். நார்பர்ட் வீனர் 1948-இல் வெளியிட்ட ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்னும் நூலைக் கற்று, அதன் வழியே வால்வுகள் பொருத்திய சுற்றுக்களை ஆக்கி, அவை தாங்குமளவினும் மிகுதியாக மின்சாரம் செலுத்தினர். சுற்றுக்கள் கீச்சிட்டன, முனகின, குமுறின. பின்னர்க் கருகி ஒழிந்தன. ஒழியுமுன் எழுந்த ஒலிகளை நாடாவிற் பதிந்து, விரைவை மாற்றியும் எதிரொலி சேர்த்தும் படத்திற்கு இயைத்தனர். கருகிய சுற்றினை மீண்டும் அவ்வாறே இயக்குதல் இயலாதாகலின், அவ்வொலிகள் ஒவ்வொன்றும் ஒருமுறையே தோன்றி மறைந்தன. பிறந்து, குரல் கொடுத்து, இறந்த பொருளை உயிரில்லாதது என்று எவ்வாறு கூறுவது?

ஆயினும் இப்படத்தின் பெயர்ப்பட்டியலில் ‘இசை’ என்னுஞ் சொல் இவர்க்கு வழங்கப்படவில்லை. இசைவாணர் சங்கத்தில் உறுப்பினரல்லாத இவர்களின் ஆக்கத்தை இசையெனக் குறித்தால் பூசல் விளையுமென்று அஞ்சி, ‘மின்னணுத் தொனிகள்’ எனப் பொருள்படுஞ் சொற்றொடரால் குறித்துவிட்டனர். ஒரு படம் முழுவதையும் மின்னொலியே சுமந்த அத்தொடக்க நாளிலேயே, பிழைப்பைப் பற்றிய அச்சமும் அதனோடு உடன்பிறந்தது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

உருசிய நாட்டு இயக்குநராகிய அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1972-இல் அளித்த ‘சோலாரிஸ்’ என்னும் படம் மற்றொரு நெறியிற் செல்வது. அதற்கு இசையமைத்த எதுவார்த் அர்த்தேமியேவ், யெவ்கெனி முர்சின் என்னும் பொறியியலார் 1950-களின் இறுதியில் ஆக்கி முடித்த ஏ.என்.எஸ். என்னுங் கருவியைக் கையாண்டனர். அலெக்சாண்டர் நிக்கோலயேவிச் ஸ்க்ரியாபின் என்னும் இசைப்புலவரின் பெயர் முதலெழுத்துக்களே அக்கருவியின் பெயர். சுழலும் கண்ணாடித் தட்டுக்களின் வழியாக ஒளியைச் செலுத்தி 720 தூய தொனிகளை அஃது உண்டாக்கும். ஒரு ஸ்தாயி அதன்கண் 72 கூறுபட்டது. கரிய பூச்சிட்ட கண்ணாடிப் பலகையொன்றில் இசையமைப்பவர் கீறுவர். கீறிய இடத்து ஒளி ஊடுருவி, ஒளியை மின்சாரமாக்குங் கலத்தில் விழுந்து ஒலியாகும். ஏட்டில் எழுத்தாணி கீறிய வரிகளில் மையைத் தடவிப் படித்த நம் முன்னோர், வரியே குரலாகும் இப்பலகையைக் காணின் மகிழ்ந்திருப்பர். பேசும் படங்களின் ஒலியும் நெடுங்காலம் படச்சுருளின் ஓரத்தில் வரியாகப் பதிந்து ஒளியினாற் படிக்கப்பட்டதேயாம்.

அப்படத்தில் பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதை ஆர்கனுக்கென இயற்றிய ஒரு ஞானப்பாட்டு முன்னிசை, மண்ணுலக நினைவாக மீண்டும் மீண்டும் வருகின்றது. அதன்மேல் அர்த்தேமியேவ் மின்னொலிகளை மெல்லப் படரவிட்டனர். ஆலயத்தில் ஆர்கன் கேட்டு வளர்ந்த எம் செவிக்கு, அறிந்த பாட்டின்மேல் அறியாத கடலொன்று ஏறிவருவதாகத் தோன்றிற்று. வீட்டினின்று நெடுந்தொலை சென்றவன் உள்ளத்தை இதனினும் நன்கு காட்டிய ஓசையை யாம் கேட்டிலேம்.

மோக் என்பாரின் கருவியைத் திரையுலகிற் புகுத்தியவருள் வெண்டி கார்லோஸ் சிறந்தவர். 1968-இல் பாக் என்பாரின் இசையை அக்கருவியில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டுப் புகழ்பெற்ற அவர், 1971-இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ என்னும் படத்திற்கு இசைவகுத்தனர். அக்கருவி ஒருபோதில் ஒரு சுரமே ஒலிக்கும். ஆதலின் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே நாடாவிற் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கல் வேண்டும். இடையிடையே சுரம் வழுவும். நிறுத்தித் திருத்தி மீண்டும் தொடங்கல் வேண்டும். இவ்வாறு சிறிது சிறிதாகக் கட்டப்பட்ட அவ்விசையைக் கேட்பவர், அது விசையை அழுத்தியவளவில் தானே வந்ததென்று கூறத் துணியார். அப்படத்துள் பீத்தோவன் இயற்றிய ஒன்பதாம் சிம்பொனியின் பாடற்பகுதியை, வோகோடர் என்னும் சுற்றின் வழியாக மனிதக்குரலும் மின்னொலியும் ஒன்றாகக் கலந்து பாடச் செய்தனர். முற்கூறிய பிறப்பியல் உவமை ஈண்டு உவமையாக நில்லாது உண்மையேயாயிற்று.

பின்னர் இக்கருவிகள் எளியவர் கைக்கும் எட்டின. 1978-இல் ஜான் கார்பென்டர் ‘ஹாலோவீன்’ என்னும் படத்தைச் சிறு பொருட்செலவில் ஆக்கினர். பெரிய இசைக்குழுவை அமர்த்தப் பொருளின்மையால், ஐந்து எண்ணிக்கையில் சுழலும் சிறியதொரு பியானோ வரியையும் அதனடியில் முனகும் மின்னொலியையும் கொண்டு தாமே இசையமைத்தனர். அவ்வாண்டே வெளிவந்த ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ என்னும் படத்திற்கு ஜார்ஜியோ மொரோடர் மின்சுற்றுக்களாலாகிய இசையை அளித்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிசு பெற்றனர். இசையென்னும் பெயரையே 1956-இல் பெறமாட்டாத ஓசை, 23 ஆண்டுகளில் இசைக்குரிய பரிசினையே பெற்றது.

நிற்க. இவற்றுள் எம் உள்ளத்தை முற்றுங் கவர்ந்தது 1982-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேட் ரன்னர்’ என்னும் படத்திற்குக் கிரேக்க நாட்டவராகிய வாஞ்செலிஸ் இலண்டனில் அமைத்த இசையாகும். அவர் கையாண்ட கருவிகளுட் சிறந்தது யமஹா நிறுவனத்தார் 1977-இல் வெளியிட்ட சி.எஸ்.-80. ஒருபோதில் எட்டுச் சுரங்களை ஒலிக்கவல்லது. ஒருவர் தனியே தூக்கவொண்ணாத கனமுடையது. வெப்பம் மாறின் சுரம் வழுவும் இயல்பும் உடையது. அதன் தனிச்சிறப்பு யாதெனின், விசையைத் தொட்டு ஒலியெழுப்பிய பின்னரும் அவ்விரலை மேலும் அழுத்தினால், அவ்வொரு சுரம் மட்டும் பெருகவும் நடுங்கவும் நிறம் மாறவுஞ் செய்யும். எட்டு விரல்களுக்கும் எட்டு வேறு அழுத்தம். வாஞ்செலிஸ் திரையிற் காட்சி ஓட, அதனை நோக்கியவாறே வாசிக்கும் வழக்கமுடையவர். ஆதலின் மழை பொழியும் அந்நகரத்தின் துயரம் ஏட்டிலிருந்து வாராது அவர் விரலிலிருந்தே வந்தது.

சென்ற கோடை விடுமுறையில் இவ்விசையை மாமாவிற்குக் கேட்பித்தோம். கண்களை மூடிக் கேட்டவர், “ஒருவரா வாசிக்கிறார்?” என வினவினார். “ஒருவரே, மாமா” என்றோம். சிறிது பொறுத்து, “சுரம் பிறந்த பிறகும் விரலை விடாமல் அழுத்துகிறார். அது வில் செய்யும் வேலை” என்றார். அவருடைய இடக்கை விரல்கள் முழந்தாளின்மேல் நரம்பை அசைப்பனபோல் அசைந்துகொண்டிருந்தன. இசை முடிந்ததும் அவர் கூறியது எமக்கு மறவாது: “இதற்கு உயிர் இருக்கிறது, தம்பி. ஆனால் முப்பது பேர் இருந்த இடத்தில் ஒருவர் இருக்கிறார்.”

எம் வினாவிற்கு விடை கிடைத்தது. கிடைத்தவளவில் அது மற்றொரு வினாவாக மாறிற்று. ‘உயிரில்லாத ஓசை’ என்னும் வழக்கு வேறு. ‘பிழைப்பில்லாத மாந்தர்’ என்னும் வழக்கு வேறு. இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றோடொன்று பிணைந்தே பேசப்பட்டன. 1982-ஆம் ஆண்டில், வாஞ்செலிஸ் இசையமைத்த அதே இலண்டன் மாநகரில், இசைவாணர் சங்கத்தின் கிளையொன்று சிந்தசைசர்களைத் தடைசெய்தல் வேண்டுமெனத் தீர்மானித்தது. நாடளாவிய சங்கம் அதனை மேற்கொள்ளவில்லை. அத்தீர்மானத்தை எள்ளி நகைப்பாரும் உளர். யாம் நகைக்கமாட்டோம். கருவியைத் தடுத்தல் அறியாமையாகலாம். ஆயின் அதனைத் தடுக்கக் கைதூக்கியவர், தம் மனையில் உலை வைக்குங் கவலையோடு தூக்கினர். கார்பென்டர் போன்றார் இசைக்குழுவை அமர்த்தும் பொருளில்லாமையால் கருவியை நாடினர். அவரால் எவரும் வேலையிழந்தாரிலர். பொருளிருந்தும் கூலியை மிச்சப்படுத்தக் கருதிக் கருவியை நாடியவர் வேறு. ஒரே கருவி முன்னவர்க்கு வாயில் திறந்தது. பின்னவர் கையில் முப்பது பேர்க்கு வாயிலை அடைத்தது. குறை சுற்றிலன்று, கணக்கில் உள்ளது.

1983-இல் யமஹா நிறுவனத்தாரே டி.எக்ஸ்.-7 என்னும் கருவியை வெளியிட்டனர். அது எண்களாற் கணித்து ஒலியெழுப்புவது, வெப்பத்தால் சுரம் வழுவாதது, விலையும் எளியது. பழைய சுற்றுக் கருவிகள் சிலகாலம் மூலையிற் கிடந்தன. பின்னர் மக்கள் அவற்றைத் தேடி மீண்டும் வந்தனர். 2017-இல் வெளிவந்த ‘பிளேட் ரன்னர் 2049’ என்னும் படத்திற்கு ஹான்ஸ் சிம்மரும் பெஞ்சமின் வால்ஃபிஷ்ஷும் அதே சி.எஸ்.-80 கருவியை எடுத்தாண்டனர். இந்நாளில் கணினியில் அப்பழங்கருவிகளைப் போலச் செய்வோர், கணினிக்கு இயல்பாக வாராத அச்சுரவழுவினைத் தாமே கணக்கிட்டுச் சேர்க்கின்றனர். எதனை அகற்றப் பொறியியலார் ஒருகாலத்து முயன்றனரோ, அதனையே இன்று விலைகொடுத்துப் பெறுகின்றோம். வழு வழுவமைதியாயிற்று.

வழு அமைவதற்குக் காரணம் ஒன்று வேண்டும் என்பது இலக்கணம். மின்சுற்றின் பிறழ்ச்சிக்கு அக்காரணம் கிடைத்தது. அதன் பெயர் அழகு. ஆகவே செவியுடையார் அதனைத் தழுவிக்கொண்டனர், யாமும் தழுவிக்கொள்கின்றோம். முப்பது வில்கள் ஒருநாள் ஓய்ந்ததற்கோ கூலிக்கணக்கினையன்றி வேறு காரணம் காட்டுவாரில்லை. அவ்விசைவாணரின் பெயர்கள் பல படங்களின் பட்டியலில் இடம்பெறவுமில்லை. அன்பர்காள், பழைய படமொன்றைக் காணுங்கால் பின்னணியில் வயலின்கள் எழுமிடத்துச் சற்றே செவிசாய்த்துக் கேண்மின். ஒரு மயிரிழை வேறுபட்டு ஒன்றாக ஒலிக்கும் அம்முப்பது கைகளுக்கு உரியார் இன்னும் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவரை மறந்தது அமைக்கப்பட்ட வழுவன்று; வழுவேயாம்.